விடை கேட்பவன் மூடனா? – 'லாஸ்ட்' தொடரை முன்வைத்துச் சில மறுப்புகள்

'லாஸ்ட்' தொடரைப் பார்த்து முடித்துவிட்டு "விடை எங்கே?" என்று கேட்பவர்களைப் பற்றி நண்பர் ஒருவர் அண்மையில் கூறியது இது: அவர்களுக்கு வேண்டியது கதையன்று, குறுக்கெழுத்துப் புதிரின் விடைத்தாள். கூடியிருந்தோர் ரசித்துச் சிரித்தனர். நாமும் சிரித்திருக்க வேண்டியவர்கள்தாம். ஏனெனில் ஏறக்குறைய இதே வாக்கியத்தை 2010இல் வேறொருவரின் முகத்துக்கு நேரே சொன்னவர்கள் நாம். அன்று அவர் மறுமொழி ஏதும் கூறாமல் எழுந்து சென்றுவிட்டார். அவர் கூறியிருக்கக்கூடிய மறுமொழியைக் காலங்கடந்தேனும் எழுதிப் பார்ப்பது நம் கடன் என்று தோன்றுகிறது.

தொடரைப் பாராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சில செய்திகள். அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 2004 செப்டம்பர் 22 அன்று தொடங்கி, ஆறு பருவங்களாக நீண்டு, 2010 மே 23 அன்று நிறைவுற்றது 'லாஸ்ட்'. சிட்னியிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் செல்லும் விமானமொன்று பசிபிக் தீவில் உடைந்து விழுகிறது. கரையில் நாற்பத்தெட்டுப் பேர் பிழைத்துக் கிடக்கிறார்கள். மரங்களைச் சாய்த்துக்கொண்டு கண்ணுக்குப் புலப்படாத ஏதோ ஒன்று காட்டுக்குள் நடமாடுகிறது. வெப்பமண்டலத் தீவில் பனிக்கரடி வருகிறது. பதினாறு ஆண்டுகளாக ஒரு பிரெஞ்சுப் பெண்ணின் அபயக்குரல் வானொலி அலைவரிசையில் ஓயாமல் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. மண்ணில் புதைந்த ஓர் இரும்புக் கதவு, அதன்மீது பொறிக்கப்பட்ட 4, 8, 15, 16, 23, 42 என்னும் எண்கள், அதே எண்களால் லாட்டரியில் கோடீசுவரனாகி அதன்பின் துர்ச்சகுனங்களால் துரத்தப்பட்ட பருத்த இளைஞன் ஹர்லி. முதல் ஒளிபரப்பை அமெரிக்காவில் ஒரு கோடியே எண்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தனர். 2005இல் சிறந்த நாடகத் தொடருக்கான எம்மி விருதும் கிட்டியது.

இத்தொடரை நாம் மும்முறை முழுமையாகப் பார்த்திருக்கிறோம். மும்முறையும் வெவ்வேறு கருத்துகளுடன் எழுந்தோம். கருத்து மாறுவது விமரிசகனுக்கு இழுக்கு என்று கருதுவோர் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

முதற்பருவம் நம்மை ஆட்கொண்டதற்குக் காரணம் பனிக்கரடியன்று. ஒவ்வொரு பகுதியும் ஒரு மனிதரை எடுத்துக்கொண்டு, தீவில் அவர் செய்யும் ஒரு காரியத்தையும் தீவுக்கு முந்தைய அவருடைய வாழ்வின் ஒரு துண்டையும் அருகருகே வைத்தது. இரண்டுக்கும் இடையிலான உறவைத் தொடர் விளக்கவில்லை. பார்ப்பவனே ஊகித்துக்கொள்ள வேண்டும். அகப்பாடல்களின் உள்ளுறையைப் பாடம் சொல்லிப் பழகிய நமக்கு இது அந்நியமாகத் தோன்றவில்லை. ஈராக்கின்மீது அமெரிக்கா படையெடுத்த மறு ஆண்டில், ஈராக்கியக் குடியரசுக் காவற்படையின் முன்னாள் வீரன் சயீதை, சித்திரவதை செய்து பழகிய கைகளையுடைய அந்த மனிதனை, அமெரிக்க வரவேற்பறைகளின் நாயகர்களுள் ஒருவனாக நிறுத்தியது சாதாரண துணிச்சலன்று. (அவ்வேடத்தை ஏற்ற நவீன் ஆண்ட்ரூஸ் மலையாளிப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்தவர். ஈராக்கியனுக்கு ஓர் இந்திய முகம் போதும் என்ற ஹாலிவுட் கணக்கு தனியே பேசப்பட வேண்டியது.) ஜின், சன் என்னும் கொரியத் தம்பதியர் தமக்குள் கொரிய மொழியிலேயே பேசினர்; கீழே ஆங்கிலத் துணையெழுத்து ஓடியது. வசன எழுத்தைப் படிக்கச் சோம்பும் மக்கள் என்று பெயரெடுத்த ஒரு நாட்டில், முதன்மை ஒளிபரப்பு நேரத்தில் இது நடந்தது.

நான்காம் பகுதியை மட்டும் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். இக்கட்டுரையின் வாதம் முழுவதும் அதன்மேல் நிற்கிறது. லாக் என்னும் நடுத்தர வயதுக்காரர் கத்திகளுடன் காட்டுப்பன்றி வேட்டைக்குக் கிளம்புகிறார். இடையிடையே அவருடைய பழைய வாழ்வு வருகிறது: அலுவலகத்தில் இளைய மேலாளனின் ஏளனம், தொலைபேசியில் மட்டுமே பேசும் ஒரு பெண், ஆஸ்திரேலியக் காட்டுப் பயணத்துக்கான தயாரிப்பு. அந்தப் பயண நிறுவனத்தார் அவரைச் சேர்த்துக்கொள்ள மறுக்கிறார்கள். ஏன் மறுத்தார்கள் என்பது இறுதியில்தான் தெரிகிறது. அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். விமானம் விழுந்த நாளில், மணலில் கிடந்த அவர் தம் கால்விரல்கள் அசைவதைக் கண்டார்.

கால்கள் எவ்வாறு குணமாயின? தொடர் கடைசிவரை மருத்துவ விளக்கம் எதுவும் தரவில்லை. நம் கேள்வி இதுதான்: அந்த விளக்கத்தைக் கேட்டு யாராவது சண்டையிட்டார்களா? நாம் அறிந்த வரையில் இல்லை. விடைத்தாள் கேட்கும் மூடர்கள் என்று நண்பரால் வருணிக்கப்பட்ட அதே பார்வையாளர்கள், தொடரின் ஆகப்பெரிய அற்புதத்தை எந்த விளக்கமும் கோராமல் ஏற்றுக்கொண்டார்கள். டெஸ்மண்டின் மனம் காலத்தில் முன்னும் பின்னும் தாவும் 2008ஆம் ஆண்டின் 'தி கான்ஸ்டன்ட்' என்ற பகுதியையும் அவ்வாறே ஏற்றார்கள். எட்டாண்டுகளுக்கு முன் பிரிந்த காதலியின் தொலைபேசி எண்ணை இறந்தகாலத்தில் கேட்டு வாங்கி, நிகழ்காலத்தில், 2004 கிறிஸ்துமஸ் முந்நாளன்று அவளை அழைக்கிறான். மணி ஒலிக்கிறது. அவள் எடுக்கிறாள். அங்கே இயற்பியல் கேட்டவர் எவருமில்லை. எந்தக் கேள்வி கதையின் பசி, எந்தக் கேள்வி வெறும் தூண்டில் என்பதைப் பார்ப்பவன் பிரித்தறிகிறான். இந்த அறிவை அவனுக்கு மறுப்பதில்தான் நண்பரின் நகைச்சுவை தொடங்குகிறது.

இனி நம் முதல் வெறுப்புக்கு வருவோம். 2006 இறுதியில் மூன்றாம் பருவம் தொடங்கியது. ஜாக், கேட், சாயர் மூவரும் 'மற்றவர்கள்' எனப்படும் கூட்டத்திடம் கைதிகள். இருவர் கரடிக் கூண்டில், ஒருவர் கண்ணாடிச் சிறையில். ஆறு பகுதிகள் இவ்வாறே சென்று, பிறகு மாதக்கணக்கில் இடைவெளி விட்டார்கள். திரும்பி வந்தபோது, ஜாக்கின் தோளில் பச்சை குத்தியிருப்பதன் வரலாற்றைச் சொல்ல ஒரு முழுப் பகுதியைச் செலவிட்டார்கள். தாய்லாந்துக் கடற்கரை, ஒரு மர்மப் பெண், பச்சை குத்தும் ஊசி. எவரும் கேளாத கேள்விக்கு நாற்பது நிமிட விடை! கேட்ட கேள்விகள் அனைத்தும் அப்படியே கிடந்தன. தொடரை அத்துடன் விட்டுவிட்டோம். எழுத்தாளர்களுக்கு முடிவு தெரியாது, ஏமாற்றுகிறார்கள் என்று பலரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தோம்.

அந்தத் தீர்ப்பு பாதி தவறு. படைப்பாளிகளான டேமன் லிண்டலாஃபும் கார்ல்டன் கூஸும் அந்நாட்களில் நிறுவனத்திடம் முடிவுத் தேதி கேட்டுப் போராடிக்கொண்டிருந்தார்கள். வெற்றிபெற்ற தொடரை முடிக்க எந்த அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனமும் விரும்பாது. பார்வையாளர் எண்ணிக்கை சரியும்வரை இழுப்பதே அவர்களின் வணிக முறை. கதை முன்னேறினால் முடிவு நெருங்கும். முடிவு நெருங்கக் கூடாதென்றால் கூண்டுக்குள் அடைத்துத்தான் வைக்க வேண்டும். பச்சைக் கதையைக் காட்டி, இப்படியே போனால் இன்னும் இத்தகையவைதான் வரும் என்று வாதிட்டதாக லிண்டலாஃப் பின்னர் கூறியிருக்கிறார். 2007 மே மாதம் நிறுவனம் இறங்கிவந்தது: மூன்று பருவங்கள், 48 பகுதிகள், 2010இல் முடிவு. அறிவிப்பு வந்த அதே மாதத்தில் ஒளிபரப்பான மூன்றாம் பருவத்தின் இறுதிப் பகுதி, இறந்தகாலம் என்று நாம் நம்பிப் பார்த்துக்கொண்டிருந்த காட்சிகள் எதிர்காலம் என்று காட்டித் தரையை உருவிவிட்டது. தாடிவளர்த்துப் போதை மாத்திரையில் அமிழ்ந்த ஜாக், விமானநிலைய வேலியோரம் நின்றுகொண்டு, தீவுக்குத் திரும்ப வேண்டும் என்று கதறுகிறான். நாம் மீண்டும் தொடருக்குள் இழுக்கப்பட்டோம்.

இங்கே ஒரு பொய்யான குற்றச்சாட்டையும் களைந்துவிடுவோம். "எல்லாவற்றையும் போகிற போக்கில் எழுதினார்கள்" என்பது கண்டனமே ஆகாது. முதலிரு பருவங்களின் எழுத்தாளர் குழுவில் இருந்த ஹாவியர் கிரீயோ-மார்ஷுவா 2015இல் இதைப் பற்றி நீண்டதொரு கட்டுரை எழுதினார். முன்பே அறிந்திருந்தவையும் உண்டு, வழியில் கண்டெடுத்தவையும் உண்டு என்பதே அதன் சாரம். ஜாக் முதல் பகுதியிலேயே சாவதாகத்தான் முதலில் திட்டமிட்டிருந்தார்கள். நிறுவனத்தார் எதிர்த்ததால் பிழைத்தான். சில பகுதிகளுக்கு மட்டும் அழைக்கப்பட்ட விருந்தினர் நடிகர் மைக்கேல் எமர்சன்; அவர் கண்களில் இருந்த ஏதோ ஒன்று எழுத்தாளர்களைப் பிடித்துக்கொள்ள, பென் லைனஸ் என்னும் ஈடிணையற்ற பாத்திரம் பிறந்தது. வாராவாரம் எழுதப்படும் புனைவு எங்கும் இப்படித்தான் வளர்ந்திருக்கிறது. டிக்கன்ஸ் எழுதிய கடைசி நாவல் பாதியில் நின்றது, கொலைகாரன் யாரென்று இன்றுவரை தெரியாது. ஆனால் 1870இல் ஆசிரியர் இறந்தே போனார். அதற்குமேல் அவரிடம் என்ன கேட்பது?

ஆறாம் பருவம். 2010 மே 11 அன்று வந்த 'அக்ராஸ் த சீ' என்னும் பகுதியில், தீவின் ஆதிக்கதை சொல்லப்பட்டது. இரட்டைக் குழந்தைகள், அவர்களின் தாயைக் கொன்று வளர்க்கும் பெயரற்ற ஒரு பெண், குகைக்குள் பொன்னிற ஒளி. அந்தப் பெண் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறாள்: நான் தரும் ஒவ்வொரு விடையும் இன்னொரு கேள்விக்கே இட்டுச்செல்லும் என்று. எழுத்தாளர்கள் அவள் வாயிலாகப் பார்வையாளனை அதட்டுகிறார்கள் என்பது வெளிப்படை. அன்று நாம் அதைப் பெரும் தத்துவம் என்று கொண்டாடினோம். உபநிடதம் வரை இழுத்து இரண்டு பக்கம் எழுதிவைத்தோம் (நல்லவேளை, எங்கும் வெளியாகவில்லை). இறுதிப் பகுதியில், ஆறாம் பருவம் முழுவதும் நாம் இணையுலகம் என்று நம்பியிருந்தது, இறந்தவர்கள் ஒருவரையொருவர் தேடிச் சேரும் ஓர் இடைவெளி என்று தெரியவந்தது. தேவாலயத்தில் எல்லோரும் கூடி, அணைத்து, ஒளிக்குள் மறைந்தார்கள். நாம் அழுதோம். அதன் மறுவாரம்தான் அந்த மனிதரின் முகத்துக்கு நேரே விடைத்தாள் வாக்கியத்தைச் சொன்னோம்.

இடையே ஒரு விளக்கம். "அவர்கள் தொடக்கத்திலேயே செத்துவிட்டார்கள், தீவே பொய்" என்று தொடரை வெறுக்கும் பலர் இன்றும் சொல்கிறார்கள். இது தவறான வாசிப்பு. தீவில் நடந்தது அனைத்தும் நடந்தது. சிலர் அங்கே இறந்தார்கள், சிலர் நெடுங்காலம் கழித்து எங்கோ இறந்தார்கள். ஜாக்கின் தந்தை இதைத் தெளிவாகவே சொல்கிறார். குழப்பத்தில் நிறுவனத்துக்கும் பங்குண்டு: இறுதிப் பகுதி முடிந்து பெயர்ப்பட்டியல் ஓடுகையில், ஆளற்ற கரையில் விமானச் சிதைவுகள் கிடக்கும் காட்சிகளை அவர்கள் சேர்த்துவிட்டார்கள். படைப்பாளிகளுக்கு அதில் தொடர்பில்லை என்று பிறகு அறிவிக்க நேர்ந்தது. நாம் தொடரைக் கண்டிக்க முனைவது இந்தக் கட்சியின் சார்பிலன்று.

இரண்டாம் முறை பார்த்தது 2010களின் பிற்பகுதியில். முடிவு தெரிந்தபின் மர்மங்கள் உறுத்தவில்லை. எண்கள் எதைக் குறித்தன? தீவின் காவலனாகத் தேர்ந்தெடுக்கப்பட வாய்ப்புள்ளவர்களின் வரிசை எண்கள். நான்கு லாக், எட்டு ஹர்லி, பதினாறு சயீத், இருபத்துமூன்று ஜாக் என்று குகைச் சுவரில் எழுதியிருந்தது. சரி, இருக்கட்டும். அவற்றின் கூட்டுத்தொகை நூற்றெட்டு. நூற்றெட்டு நிமிடத்துக்கு ஒருமுறை பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தச் சொன்ன ஆராய்ச்சி அமைப்பின் பெயர் 'தர்மா'. அவர்கள் கைகூப்பி 'நமஸ்தே' சொல்வார்கள். நம் பூசையறையிலிருந்து எடுத்துச்சென்ற இப்பொருள்களுக்குக் கதையில் யாதொரு வேலையுமில்லை, அலங்காரந்தான். சிரித்துவிட்டு நகர்ந்தோம். உறுத்தியது வேறொன்று.

வால்ட் என்றொரு சிறுவன், பத்து வயது. தாயை இழந்து, அதுவரை அறிந்திராத தந்தை மைக்கேலுடன் அமெரிக்கா திரும்பும் வழியில் தீவில் விழுந்தவன். கறுப்பினச் சிறுவன். அவன் சினந்தால் பறவைகள் சன்னலில் மோதிச் சாகின்றன; அவனை எல்லோரும் 'தனித்தன்மையுள்ளவன்' என்கிறார்கள். முதற்பருவத்தின் முடிவில் நடுக்கடலில் தெப்பத்திலிருந்து அவனைக் கடத்திச் செல்கிறார்கள். இரண்டாம் பருவம் முழுக்க மைக்கேல் அவன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே காட்டில் ஓடுகிறான். இறுதியில் மகனுக்காக இரண்டு பெண்களைக் கொல்கிறான், நண்பர்களைக் காட்டிக்கொடுக்கிறான், மகனைப் பெற்றுப் படகில் ஏறிப் போகிறான். அவ்வளவுதான். எதற்காகக் கடத்தினார்கள்? அவனிடம் இருந்த ஆற்றல் என்ன? அவனை வைத்து என்ன செய்தார்கள்? கதை அவனைக் கைவிட்டுவிட்டது. காரணமாகச் சொல்லப்படுவது, நடித்த சிறுவன் வளர்ந்துவிட்டான் என்பது. முதல் மூன்று பருவங்களின் கதைக்காலம் ஏறத்தாழ மூன்றே மாதம், ஒளிபரப்பானதோ மூன்றாண்டுகள். பத்து வயதுப் பையன் மூன்றாண்டில் வளர்வான் என்பதை முன்கூட்டியே அறிய எழுத்தாளர் குழு எதற்கு?

மைக்கேல் பிறகு திரும்பிவந்து கப்பல் வெடிப்பில் மடிகிறான். ஆறாம் பருவத்தில் ஆவியாக வந்து, தீவின் முணுமுணுப்புகள் கரையேற முடியாத ஆன்மாக்களுடையவை என்று ஹர்லியிடம் சொல்கிறான். ஒரு மர்மத்துக்கு விடை கிடைத்துவிட்டது, பட்டியலில் ஒரு கோடு. அந்த விடைக்காக ஒரு தகப்பன் நிரந்தரமாகத் தீவிலேயே கட்டப்பட்டான். எத்தனையோ பேரைக் கொன்ற பென் லைனஸுக்குத் தேவாலய வாசல்வரை அழைப்பு உண்டு; உள்ளே வராதது அவனாகத் தேர்ந்துகொண்டது. மைக்கேலுக்கு வாசல்கூட இல்லை. வால்ட்டும் இல்லை. நைஜீரியப் பாதிரியார் எக்கோவும் இல்லை (அவ்வேடத்து நடிகர் விலக விரும்பியதால் மூன்றாம் பருவத்திலேயே புகையுருவால் அடித்துக் கொல்லப்பட்டவர்). முதல்முறை நாம் கண்ணீருடன் பார்த்த அக்கூட்டத்தில் கறுப்பினத்தவராக ரோஸ் ஒருவர் மட்டுமே அமர்ந்திருக்கிறார். வாழ்நாள் முழுதும் நாடியா என்னும் பெண்ணைத் தேடி, அவளை மணந்து, அவளைப் பறிகொடுத்த சயீதுக்கு, மறுமையில் துணையாகக் கிடைப்பவள் தீவில் சில நாள் பழகிய பொன்முடி ஷானன். முதற்பருவத்தில் எவ்வளவு நுட்பமாகச் செதுக்கப்பட்ட மனிதன் அவன்!

ஜின்னும் சன்னும் நீர்மூழ்கியில் சாகும் காட்சி இன்னொன்று. இடிபாட்டில் சிக்கிய மனைவியை விட்டுப்போக மறுத்து உடன் மூழ்குகிறான் கணவன். வெளியுலகில் அவர்களுக்கு ஒரு பெண்குழந்தை உண்டு. அவளைப் பற்றி இருவரும் அந்நேரத்தில் ஒரு சொல்லும் பேசுவதில்லை. அதைவிடப் பெரிய விந்தை, அவர்கள் விடைபெறும் மொழி. ஆறாண்டுகளுக்குமுன் கொரியத்தில் பேசிக்கொண்டு வந்திறங்கிய இருவர், தண்ணீர் கழுத்துவரை ஏறிய நிலையில், தமக்குள் ஆங்கிலத்தில் பேசிச் சாகிறார்கள். சாகும்போது எவன் இரவல் மொழியில் பேசுவான்? முதல்முறை இதை நாம் கவனிக்கக்கூட இல்லை. தமிழ் கற்பித்துப் பிழைக்கும் நாம் கவனிக்கவில்லை! கண்ணீர் மறைத்துவிட்டது.

ஆக, நாம் கேட்கும் விடை எது? தீவு என்ன என்பதன்று. இந்த மனிதர்களை என்ன செய்தீர்கள் என்பது.

நம் மரபிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. 'பொன்னியின் செல்வ'னில் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதைக் கல்கி மூட்டமாகவே விட்டுவிட்டார். மூன்றரை ஆண்டு வாராவாரம் படித்த வாசகர்களை அது நிலைகுலையச் செய்யவில்லை. இன்றும் அதைப் பேசிப்பேசி மகிழ்கிறோம். ஆனால் நாவல் முடிந்தபோது, பாத்திரங்கள் பின்னால் என்ன ஆனார்கள் என்ற வாசகர் கேள்விகளுக்கு அவர் ஒரு முடிவுரையே எழுதினார். 'விடை கேட்பவன் மூடன்' என்று அவர் சொல்லவில்லை. கல்கியைப் பற்றி நமக்கு வேறு குறைகள் நிறைய உண்டு. இவ்விடத்தில் அவர் வாசகனுக்குக் கடன்பட்டவராக நடந்துகொண்டார் என்பதை மறுக்கவியலாது.

இதன் மறுமுனையில் நிற்கிறது ஜே.ஜே. ஏப்ரம்ஸின் பெட்டி. முதல் பகுதியை இயக்கி, தொடரின் தொனியை நிர்ணயித்தவர் அவர். 2007இல் டெட் மேடையில் பேசியபோது ஓர் அட்டைப்பெட்டியைக் காட்டினார். இளமையில் நியூயார்க்கின் மாயவித்தைக் கடையொன்றில் பதினைந்து டாலருக்கு வாங்கியது. உள்ளே ஐம்பது டாலர் மதிப்புள்ள வித்தைப்பொருள்கள் என்று சொல்லப்பட்டது. அவர் அதைத் திறக்கவே இல்லை. தம் தாத்தாவின் நினைவு அதில் இருக்கிறது. முடிவற்ற சாத்தியங்கள் இருக்கின்றன. மர்மம் அறிவைவிட மேலானதாக இருக்கக்கூடும் என்பது அவர் பேச்சின் போக்கு. இந்தப் பெட்டித் தத்துவத்தை நம்மவர்களும் பல கூட்டங்களில் மேற்கோள் காட்டிவருகிறார்கள். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அப்பெட்டியை விற்ற கடைக்காரர் உள்ளே ஐம்பது டாலர் சரக்கை வைத்துத்தான் விற்றிருப்பார். திறவாமல் வைத்திருப்பது வாங்கியவரின் உரிமை, தனிப்பட்ட உணர்வு. வாங்கியவரின் உரிமையை விற்பவர் எடுத்துக்கொண்டு, "திறக்காமல் இருப்பதே ரசனை" என்று வாராவாரம் காலிப்பெட்டியைத் தள்ளிவிட்டால் அதற்கு வேறு பெயர். அதிலும் இங்கே பெட்டிக்குள் போடப்பட்டுக் காணாமற்போனவை மனிதர்கள்.

மூன்றாம் முறை பார்க்கத் தூண்டியது 2023இல் வெளியான ஒரு புத்தகம். மோரின் ரையன் என்னும் அமெரிக்கப் பத்திரிகையாளர், ஹாலிவுட்டின் பணியிடக் கொடுமைகளைப் பற்றி எழுதிய 'பர்ன் இட் டவுன்' நூலில் 'லாஸ்ட்' எழுத்தாளர் அறையைப் பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. அங்கே பணியாற்றிய பலர், இனத்தை வைத்தும் பாலினத்தை வைத்தும் நடந்த ஏளனங்களை விவரித்தனர். மைக்கேலாக நடித்த ஹெரால்ட் பெரினோவும் பேசினார். மகன் கடத்தப்பட்டபின் வந்த ஒரு திரைக்கதையில் அத்தகப்பன் மகனைப் பற்றி ஏறக்குறைய எதுவுமே கேட்பதில்லையாம். காணாமற்போகும் கறுப்பினச் சிறுவர்களைப் பற்றி யாருக்கும் அக்கறையில்லை என்ற எண்ணத்தை இது உறுதிப்படுத்தும் என்று அவர் எடுத்துச்சொல்லியிருக்கிறார். பின்னர் அப்பருவத்தின் முடிவில் தாம் தொடரில் நீடிக்கவில்லை என்று அறிய நேர்ந்ததாகவும் கூறினார். லிண்டலாஃப் தாம் தலைமைப் பொறுப்பில் தவறியதை அந்நூலிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார். கூஸ் வருத்தம் தெரிவித்தாலும் சில விவரங்களை ஏற்கவில்லை.

எழுத்தாளனின் நடத்தையைக் கொண்டு படைப்பை அளக்கலாகாது என்ற பழம்பாடத்தை நண்பர் இந்நேரம் கையில் எடுத்திருப்பார். நாமும் வகுப்பில் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறோம். ஆனால் இங்கே வரிசை தலைகீழானது. தேவாலயத்தில் யார் இல்லை என்பது திரையிலேயே இருந்தது, 2010இலேயே இருந்தது. விடை கேட்டவர்களுள் சிலர் அதைத்தான் சுட்டினார்கள். "வால்ட் என்ன ஆனான்?" என்பது அந்நாட்களில் எங்கும் கேட்ட கேள்வி, ஒரு கட்டத்தில் அதையே கேலிப்பொருளாக்கி, மைக்கேலின் கத்தலை நடித்துக்காட்டிச் சிரித்தார்கள். நாமும் நடித்துக் காட்டியிருக்கிறோம். நூல் வந்தபின் நமக்குத் தெரிந்தது, அந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் படப்பிடிப்புத் தளத்திலேயே நின்றிருந்தார் என்பதும், அவருக்கும் விடை கிடைக்கவில்லை என்பதும்.

இவ்வளவுக்குப் பின்னும் இத்தொடரை நாம் தூக்கி எறியவில்லை. 'தி கான்ஸ்டன்ட்' பகுதியை இன்றிரவு போட்டாலும் பார்ப்போம். லிண்டலாஃப் கற்றுக்கொண்டார் என்பதற்கும் சான்றுண்டு. 2014 முதல் 2017 வரை எச்பிஓவில் வந்த அவருடைய 'தி லெஃப்ட்ஓவர்ஸ்' தொடரில் உலக மக்கட்தொகையில் இரண்டு விழுக்காட்டினர் ஒரே கணத்தில் மறைகிறார்கள். ஏன் என்பதற்கு விடையில்லை, இருக்கும் என்று எவரும் வாக்களிக்கவும் இல்லை. இரண்டாம் பருவத்தின் தொடக்கப் பாடலே மர்மத்தை மர்மமாக விட்டுவிடச் சொல்கிறது. ஆனால் எஞ்சியவர்களில் ஒருவரையும் அத்தொடர் வழியில் தவறவிடவில்லை. கடைசிப் பகுதியில் ஒரு மேசையருகே இருவர் அமர்ந்து பேசுகிறார்கள். அவள் சொல்வது உண்மையா என்று நமக்குத் தெரியாது. அவன் நம்புகிறேன் என்கிறான். எவரும் விடைத்தாள் கேட்கவில்லை. அதே பார்வையாளர்கள்தாம்.

'லாஸ்ட்' முடிந்த சில மாதங்களில், 2010 ஆகஸ்டில் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டுத் தொகுப்பில் பன்னிரண்டு நிமிட அளவிலான ஒரு பின்னுரையைச் சேர்த்திருந்தார்கள். பனிக்கரடிகளைப் பற்றிச் சில விடைகள், வானிலிருந்து விழுந்த உணவு மூட்டைகளுக்கு ஒரு விளக்கம். கடைசியில் பென்னும் ஹர்லியும் ஒரு மனநலக் காப்பகத்துக்குச் செல்கிறார்கள். அங்கே வால்ட், வளர்ந்த இளைஞன். நீ பைத்தியமில்லை, உனக்குத் தீவில் வேலை இருக்கிறது, உன் தந்தைக்கும் உதவலாம் என்கிறார்கள். வண்டியில் ஏற்றிச் செல்கிறார்கள். ஆறாண்டு இலவசமாகத் தொலைக்காட்சியில் காத்திருந்தவர்களுக்கு இது காட்டப்படவில்லை. தொகுப்பைக் காசுகொடுத்து வாங்கியவர்களுக்கு மட்டும்.

அடுத்த சந்திப்பில் நண்பர் மீண்டும் அந்த விடைத்தாள் வாக்கியத்தைச் சொன்னால், நாம் மைக்கேலின் குரலை நடித்துக்காட்டப் போவதில்லை. அந்தச் சிறுவனின் பெயராவது நினைவிருக்கிறதா என்று மட்டும் கேட்போம்.